துடிப்புப் பிறழ்வின் ஊற்றுக்கண்ணைத் தேடி

நெஞ்சு திடீரெனப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. சில நிமிடங்களோ சில மணி நேரமோ அது நீடிக்கிறது. பிறகு, வந்தது போலவே சட்டென்று நின்றுவிடுகிறது. இக்குறையோடு எங்கள் இதயநோய்ப் பிரிவை நாடி வருவோரில் பலர், அதற்கு முன்பே பல படிகள் ஏறி இறங்கியவர்கள். "பயம்", "வாயு", "நரம்புத் தளர்ச்சி" என்று பலரும் பலவிதமாகச் சொல்லக் கேட்டவர்கள். "இ.சி.ஜி. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எனக்கு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது" என்பதே அவர்களின் முறையீடு.

இரண்டும் உண்மையே. இ.சி.ஜி. எடுத்தபோது இதயம் நன்றாகத்தான் இருந்தது. ஏனெனில் படபடப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. கம்பமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் காலை பத்து மணிக்குப் படபடப்பு வந்தால், அவர் ஜீப் பிடித்து மலையிறங்கி வருவதற்குள் அது அடங்கிவிடக்கூடும். அடங்கிய பின் எடுத்த தாளில் குற்றவாளியின் கால்தடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

துடிப்புப் பிறழ்வைச் சரிசெய்யும் வேலையைக் காட்டிலும், அது இதயத்தின் எந்த இடத்திலிருந்து எழுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையே பெரிது. அத்தேடல் இன்று வியக்கத்தக்க கருவிகளால் நடைபெறுகிறது. எனினும் அது தொடங்குவது, படபடப்பு நிகழும் நேரத்திலேயே உங்கள் ஊரில் எடுக்கப்படும் ஓர் இ.சி.ஜி. தாளில்தான். இதனை நோயாளிகளும் குடும்பத்தாரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இதயத்தின் மின்பாதை

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள் உள்ளன. வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்னும் சிறு திசுப்பகுதி உண்டு. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவர் இதனைக் கண்டறிந்தனர். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இக்கணு மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. கணுவை அடைந்து, சற்றே தயங்கி, கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏ.வி. கணுவை 1906-இல் விளக்கி எழுதியவர் ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா.

மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்தாத நார்த்திசு வளையம் ஒன்று இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் பழகிய நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவே உயர்ந்த வரப்பு. அவ்வரப்பில் தண்ணீர் இறங்க ஒரே ஒரு மடை. நார்வளையம் அவ்வரப்பு, ஏ.வி. கணு அம்மடை. மடை ஒன்றாக இருக்கும்வரை, எவ்வளவு நீர் எப்போது இறங்கவேண்டும் என்பது கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஊற்றுக்கண் மூவகை

வேகமான துடிப்புப் பிறழ்வுகளின் தோற்றுவாயைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கலாம்.

முதல் வகை, சுழற்பாதை. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வரப்பில் நண்டு வளை போன்ற இன்னொரு வழி இருக்கும். மெல்லிய தசைநார் ஒன்று நார்வளையத்தைக் கடந்து மேலறையையும் கீழறையையும் இணைத்திருக்கும். தண்ணீர் வளை வழியாக மீண்டும் மேலேறாது. ஆனால் மின்னோட்டம் ஏறும். மடை வழியாக இறங்கி, வளை வழியாக ஏறி, மீண்டும் மடை வழியாக இறங்கிச் சுழலத் தொடங்கினால், இதயம் நிமிடத்திற்கு 150 முதல் 220 முறை வரை துடிக்கும். இத்தகைய கூடுதல் பாதை உள்ளவர்களின் இ.சி.ஜி. தோற்றத்தை 1930-இல் லூயி வுல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி ஒயிட் ஆகியோர் விவரித்தனர். மூவர் பெயராலும் அது டபிள்யூ.பி.டபிள்யூ. என்று வழங்கப்படுகிறது. வேறு சிலருக்கு மடைக்குள்ளேயே, அதாவது ஏ.வி. கணுவையொட்டியே, வேகமான வழி ஒன்றும் மெதுவான வழி ஒன்றும் இருக்கும். சுழல் அங்கேயே அமையும். இவ்வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். "பயம்" என்று தவறாகப் பெயரிடப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

இரண்டாம் வகை, ஒற்றைப் புள்ளி. சைனஸ் கணுவை மீறி, இதயத்தின் வேறோர் இடத்திலுள்ள சிறு தசைப்பகுதி தானே தூண்டலை எழுப்பிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வகை, தழும்பு. மாரடைப்பு வந்து ஆறிய இதயத்தில் இறந்த தசைக்கு நடுவே உயிருள்ள சில இழைகள் எஞ்சியிருக்கும். மின்னோட்டம் அவற்றினூடே ஊர்ந்து சென்று சுழலக்கூடும். இது கீழறையில் எழுவதால் ஆபத்து மிகுந்தது.

எல்லாப் படபடப்பும் இம்மூன்றில் அடங்கிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றிலும் இதயம் வேகமாகத் துடிக்கும். அப்போது மின்பாதையில் குறையில்லை. சைனஸ் கணு உடலின் தேவைக்கேற்ப விரைகிறது, அவ்வளவே. மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்ல இறங்கும் துடிப்பு பெரும்பாலும் இத்தகையது. சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பதே சுழற்பாதையின் அடையாளம். எனவே இரத்தப் பரிசோதனைகளையும் நாங்கள் தவறாமல் செய்யச் சொல்கிறோம்.

தாளில் கிடைக்கும் தடயம்

நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் இ.சி.ஜி. கருவியை உருவாக்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதற்காக 1924-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இன்றும் ஊற்றுக்கண்ணைத் தேடும் முதற்கருவி அதுவே. கை, கால், மார்பில் பொருத்தும் 10 மின்வாய்களைக் கொண்டு, இதயத்தை 12 கோணங்களிலிருந்து அது பார்க்கிறது. தாளிலுள்ள ஒவ்வொரு சிறு கட்டமும் 0.04 விநாடி.

மின்னோட்டம் ஒரு கோணத்தை நோக்கி வந்தால் கோடு மேலெழும்; விலகிச் சென்றால் கீழிறங்கும். ஆகவே படபடப்பின்போது எடுத்த தாளை நோக்கினால், துடிப்பு மேலறையில் பிறக்கிறதா கீழறையில் பிறக்கிறதா, கூடுதல் பாதை வலப்பக்கமா இடப்பக்கமா என்பனவற்றைப் பெரும்பாலும் கணிக்க இயலும். ஒரு மாவட்டத்தில் எந்த ஊர் என்று தெரிந்துகொள்வதற்கு ஒப்பானது இது. எந்தத் தெரு, எந்த வீடு என்பதற்கு அடுத்த கருவிகள் வேண்டும்.

படபடப்பு அடிக்கடி வருவோருக்கு, 24 அல்லது 48 மணி நேரம் உடலில் அணிந்திருக்கும் ஹோல்டர் கருவியைப் பரிந்துரைக்கிறோம். மாதத்திற்கொருமுறை மட்டும் வருவோருக்கு அது போதாது. காரணமின்றி அடிக்கடி மயங்கி விழுவோருக்கு, மார்புத் தோலுக்கடியில் வைக்கும் சிறு பதிவுக்கருவி உண்டு. அது ஆண்டுக்கணக்கில் இதயத்தைக் கண்காணிக்கும்.

இதயத்துக்குள் தேடல்

1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் வில் சீலி, டபிள்யூ.பி.டபிள்யூ. நோயுள்ள வட கரோலினா மீனவர் ஒருவரின் மார்பைத் திறந்து, இதயத்தின் மேற்பரப்பில் மின்வாயை இடம்விட்டு இடம் வைத்து அளந்து, கூடுதல் பாதை இருக்குமிடத்தைக் கண்டு வெட்டிவிட்டார். நோய் தீர்ந்தது. இடத்தைக் கண்டுபிடித்தால் நோயை வேரோடு நீக்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று. ஆனால் அதற்கு மார்பைத் திறக்கவேண்டியிருந்தது.

இன்று அதே தேடலை மார்பைத் திறக்காமலே செய்கிறோம். இதற்கு மின்னுடலியங்கியல் ஆய்வு என்று பெயர், மருத்துவமனைகளில் இ.பி. ஸ்டடி என்பார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய கதீட்டர்கள் சிலவற்றை இதயத்துக்குள் செலுத்துவோம். பெரும்பாலோர் விழித்தபடியேதான் படுத்திருப்பார்கள். கதீட்டரின் நுனியிலுள்ள மின்வாய்கள், தாம் தொடும் இடத்திற்குத் தூண்டல் எத்தனை மில்லி விநாடியில் வந்து சேர்கிறது என்று பதிவுசெய்யும். மில்லி விநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த ஆய்வில் நோயாளிகளைத் திகைக்கவைக்கும் கட்டம் ஒன்று உண்டு. முன்கூட்டியே அறிந்திருந்தால் அச்சம் குறையும். இதயத்திற்குச் சிறு மின்தூண்டல்கள் கொடுத்து, சில வேளைகளில் மருந்தும் செலுத்தி, உங்களை வருத்தும் அதே படபடப்பை நாங்களே வரவழைப்போம். திருடன் நடமாடும்போதுதான் அவன் வழியை அறிய முடியும். வந்த படபடப்பை உடனே நிறுத்தவும் எங்களால் இயலும்.

படபடப்பு ஓடிக்கொண்டிருக்கையில் கதீட்டரை மெல்ல நகர்த்தி, தூண்டல் எங்கே எல்லாவற்றிற்கும் முந்தி வருகிறது என்று பார்ப்போம். ஒற்றைப் புள்ளியாக இருந்தால், மிக முந்தி வரும் அவ்விடமே ஊற்றுக்கண். கூடுதல் பாதையாக இருந்தால், நார்வளையத்தின் விளிம்பைச் சுற்றி வந்து, மேலறைத் துடிப்பும் கீழறைத் துடிப்பும் ஒன்றையொன்று ஒட்டிப் பதிவாகும் இடத்தைத் தேடுவோம். வரப்பில் கசிவைக் கண்ட விவசாயி, கசியும் பக்கத்தில் மண்ணை அப்புவதோடு நிற்கமாட்டார். தண்ணீர் புகும் பக்கத்தில் இறங்கிக் கையால் துழாவி வளையின் வாயைக் கண்டபிறகே அடைப்பார். எங்கள் வேலையும் ஏறத்தாழ அதுவே.

முப்பரிமாண வரைபடம்

முன்பு இத்தேடல் முழுவதும் எக்ஸ்ரே திரையின் நிழலுருவங்களைப் பார்த்தே நடந்தது. அந்நிழலில் இதயத்தின் உட்சுவர் தெரியாது. 1997-இல் இஸ்ரேலைச் சேர்ந்த லியோர் கெப்ஸ்டீன், ஷ்லோமோ பென்-ஹைம் ஆகியோர் புதிய முறையொன்றை வெளியிட்டனர். படுக்கைக்கு அடியில் மிக வலுக்குறைந்த காந்தப்புலம் உண்டாக்கப்படுகிறது. கதீட்டரின் நுனியிலுள்ள உணரி, அப்புலத்தில் தான் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. கதீட்டர் சுவரைத் தொடத் தொட, இதய அறையின் உருவம் திரையில் புள்ளி புள்ளியாக வளர்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தூண்டல் வந்த நேரத்தைக் கணினி வண்ணமாகத் தீட்டுகிறது. முந்தி வரும் இடம் சிவப்பு. பிந்தி வரும் இடம் ஊதா. அறுவடைக்கு முன் நிலத்தை அளந்து வரைபடம் போடுவதுபோல, ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட வரைபடம் சில நிமிடங்களில் உருவாகிவிடுகிறது. வேறு சில கருவிகள் காந்தப்புலத்திற்கு மாற்றாக மின்தடையை அளந்து இதே வேலையைச் செய்கின்றன.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. தழும்பு எங்கே, உயிருள்ள தசை எங்கே என்று மின்னழுத்தத்தைக் கொண்டு பிரித்தறிய முடிகிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சின் அளவும் பெருமளவு குறைகிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது இன்றியமையாதது.

இடம் தெரிந்தபின், கதீட்டரின் நுனி வழியே ரேடியோ அலை ஆற்றலைச் செலுத்தி, சில மில்லிமீட்டர் அளவுத் திசுவை மட்டும் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் செயலிழக்கச் செய்கிறோம். இதனை அப்லேஷன் என்கிறோம். ஏ.வி. கணுவுக்கு மிக அருகில் இருந்தால், சில இடங்களில் உறையவைக்கும் முறையைக் கையாள்வதுண்டு. சுழற்பாதை வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு இத்துடன் நோய் தீர்கிறது. இதில் இடர் அறவே இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. ஊசி போட்ட இடத்தில் இரத்தக்கட்டு, இதயத்தைச் சுற்றி நீர் சேர்தல் ஆகியவை சிலருக்கு நேரலாம். ஏ.வி. கணு பாதிக்கப்பட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படும்; ஏ.வி. கணுவையொட்டிய சுழலுக்கான சிகிச்சையில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ நிகழ்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவது உங்கள் உரிமை.

தேடல் கடினமாகும் இடங்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்தில் ஊற்றுக்கண் எங்கே என்பது நெடுங்காலம் புரியாதிருந்தது. 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர், மருந்துக்கு அடங்காத 45 நோயாளிகளின் இதயங்களில் தேடி 69 ஊற்றுப் புள்ளிகளைக் கண்டனர். அவற்றுள் 65 நுரையீரலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அச்சிரைகளின் வாயை மின்னியல் வகையில் தனிமைப்படுத்தும் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது.

ஆயினும் நம் நாட்டில் மேலறை நடுக்கத்திற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்குவது. அங்கே மேலறை முழுவதும் விரிந்து தழும்பேறியிருப்பதால், ஒரு புள்ளியைத் தேடிச் சுடுவதால் மட்டும் பயன் குறைவு. வால்வைச் சரிசெய்தல், துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துதல், பக்கவாதம் வராமல் காக்க வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை ஐ.என்.ஆர். பரிசோதனையோடு தவறாமல் உட்கொள்ளுதல் ஆகியவையே முதன்மை.

ஊற்றுக்கண் மின்பாதைக் குறையாக அல்லாமல் வேறொரு நோயாகவும் இருக்கலாம். ஹைதராபாத்தில் மருத்துவர் கலம்பூர் நரசிம்மன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இதயத்தின் சுருங்கும் ஆற்றல் நன்றாக இருந்தும் கீழறை மிகைத்துடிப்பு வந்த நோயாளிகள் சிலருக்கு, மார்புக்கூட்டில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. திசுவை எடுத்துச் சோதித்தபோது சிலருக்குக் காசநோயும் சிலருக்குச் சார்காய்டோசிஸ் நோயும் இருப்பது தெரிந்தது. அத்தகையோருக்குச் சுடுவதைவிட அடிப்படை நோய்க்கான சிகிச்சையே முதலில் தேவை. எனவேதான் சிலருக்கு எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவற்றையும் எடுக்கச் சொல்கிறோம். அவற்றை வீண் செலவென்று எண்ணவேண்டா.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யவேண்டியவை

படபடப்பு வந்தவுடன் வீட்டிற்கு விரையாமல், இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மிக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அந்த இடம் எது என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்குச் செல்வோர், மலையில் எது அருகில், அடிவாரத்தில் எது அருகில் என்று இரண்டையும் அறிந்திருத்தல் நலம். "இப்போது படபடப்பு இருக்கிறது, நிற்பதற்குள் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்" என்று வாயிலிலேயே சொல்லுங்கள்.

அங்கே ஊசி மருந்து செலுத்திப் படபடப்பை நிறுத்தினால், நிற்கும் கணத்தில் ஓடிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுழல் எந்த இடத்தில் அறுந்தது என்பதை அத்தாள் எங்களுக்குச் சொல்லும்.

இ.சி.ஜி. தாள் வெப்பத்தால் அச்சாவது, நாளடைவில் மங்கிவிடும். நகல் எடுத்து வையுங்கள். கைப்பேசியிலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், சூடுபட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும்.

துடிப்பு தொடங்கிய நேரம், நின்ற நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சட்டென்று நின்றதா மெல்ல அடங்கியதா என்பவற்றைக் குறித்து வையுங்கள். அருகிலிருப்பவர் மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்தால் மேலும் நன்று.

டபிள்யூ.பி.டபிள்யூ. என்று கண்டறியப்பட்டவர்கள் அந்த இ.சி.ஜி. நகலை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும். படபடப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகள், மேலறை நடுக்கம் வந்த நிலையில் இவர்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம். நீங்கள் பேச இயலாத நேரத்தில் அத்தாள் உங்களுக்காகப் பேசும்.

சுழற்பாதை வகை என்று மருத்துவர் உறுதிசெய்தவர்கள் ஓர் எளிய முறையைக் கற்றுக்கொள்ளலாம். சாய்ந்து அமர்ந்து 15 விநாடி மூச்சை அடக்கி முக்கவேண்டும். உடனே மல்லாந்து படுக்க, அருகிலிருப்பவர் இரு கால்களையும் 15 விநாடி உயர்த்திப் பிடிக்கவேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் இம்முறையால் நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்பு சீரானது. அமர்ந்தபடி முக்கும் பழைய முறையில் 17 பேருக்கே சீரானது. மருத்துவர் நேரில் கற்பித்த பின்னரே இதனைச் செய்யவேண்டும்.

படபடப்போடு மயக்கம், மார்புவலி, மூச்சுத்திணறல் இருந்தாலும், முன்பே மாரடைப்பு வந்தவருக்குப் படபடப்பு வந்தாலும், தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் அதனை எங்களிடம் தெரிவியுங்கள்.

ஆய்வுக்குப் போகும்போது

மின்னுடலியங்கியல் ஆய்வுக்கூடங்கள் மதுரை, சென்னை, வேலூர், திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் உள்ளன. எங்கு சென்றாலும் பழைய தாள்கள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்லலாம். மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள், தாமாக நிறுத்தவேண்டா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதனையும் குடும்ப அட்டையையும் கொண்டு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெறவேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின், மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை, பொதுவாக ஒரு வாரம், சுமை தூக்குவதையும் மேடேறுவதையும் தவிர்க்கவேண்டும். நாள்கூலி வேலைக்குச் செல்வோர் இந்த ஒரு வாரத்தையும் கணக்கில் வைத்து நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

படபடப்பு என்று சொல்லும் மனைவியையோ மகளையோ "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று ஆற்றுவதற்கு முன், அந்த நேரத்தில் எடுத்த ஓர் இ.சி.ஜி. கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்தமுறை படபடப்பு வரும்போது அதனை எடுத்துவிடுவதே முதல் வேலை. அத்தாளோடு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். அங்கிருந்து தேடலை நாங்கள் தொடர்கிறோம்.